பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் கோர்ஸ் பெட்டியைக் காப்பாற்றுவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வீடு காலி செய்கிறவர்கள் வீட்டிலும், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பின்னறைகளிலும் 1980, 90களின் கம்ப்யூட்டர் கோர்ஸ்கள் இன்னும் கிடக்கின்றன. தபாலில் வந்த பேசிக் என்ற புரோகிராம் மொழிப் பாடங்கள், டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் நோட்ஸ், கல்ஃபிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம், சக்ர் கம்ப்யூட்டரோடு வந்த கேசட்டுகள், பிற்பாடு வந்த 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' சிடிகள் என்று பல வகை. இவற்றை எப்படிக் கையாள்வது என்று ஒரே இடத்தில் சொல்லும் தமிழ்க் குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்காமல் திண்டாடினேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இவை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்காகச் செய்யப்பட்டவை. புத்தகம், பயிற்சித்தாள், கேசட், பிளாப்பி எல்லாம் ஒன்றையொன்று கைகாட்டும். புத்தகம் பிளாப்பியைப் போடச் சொல்லும், பிளாப்பியில் இருக்கும் புரோகிராம் புத்தகத்தின் கேள்விக்குப் போகச் சொல்லும். பிளாப்பியை மட்டும் காப்பி எடுத்துவிட்டுப் புத்தகத்தை எடைக்குப் போட்டால் கையில் மிஞ்சுவது கோப்புகள்தான், கோர்ஸ் இல்லை. இன்னொருவர் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை மறுபடி படிக்க முடிந்தால்தான் அது காப்பாற்றப்பட்டது என்று நான் சொல்வேன். கீழே உள்ள எல்லாப் படியும் அதற்காகத்தான்.

1. பெட்டியைப் பெட்டியாகவே வாங்குங்கள்

ஆக்ரிக்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்) வந்தால் புத்தகம் ஒரு சாக்கு, பிளாஸ்டிக் ஒரு சாக்கு என்று பிரித்துத்தான் எடுப்பார். அதற்கு முன்னால் போய்விடுங்கள். கையில் எடுத்ததும் ஒழுங்குபடுத்தத் தொடங்காதீர்கள், முதலில் இருந்த நிலையிலேயே போனில் படம் எடுங்கள். எந்தப் பிளாப்பி எந்தக் கவரில் இருந்தது, எந்தத் துண்டுச்சீட்டு எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்பதெல்லாம் பின்னால் பாட வரிசையைக் கண்டுபிடிக்க உதவும். லேபிள் உதிர்ந்த பிளாப்பி ஒன்று மூன்றாம் பாடத்தின் கவரில் இருந்தால், அது மூன்றாம் பாடத்துடையது என்பதற்கு அந்தக் கவர் மட்டுமே சாட்சி.

குப்பை என்று தோன்றுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைதிருத்தச் சீட்டு, பதிவு அட்டை, விலைப் பட்டியல், திருத்தி வந்த விடைத்தாள், கீபோர்டின் மேல் வைக்கும் அட்டை எல்லாமே. பிழைதிருத்தச் சீட்டு இல்லாததால் புத்தகத்தில் உள்ள புரோகிராம் ஓடவே ஓடாமல் போவது உண்டு.

கல்ஃபிலிருந்து வந்த பெட்டியில் அராபிய எழுத்துள்ள கேசட்டைப் பார்த்துவிட்டுப் பாட்டுக் கேசட் என்று தள்ளிவிடாதீர்கள். சக்ர் என்பது குவைத் நிறுவனம் விற்ற எம்எஸ்எக்ஸ் வகைக் கம்ப்யூட்டர், அதன் பாடங்கள் சாதாரண ஆடியோ கேசட்டிலும் வந்தன.

2. எதை முதலில் எடுப்பது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. உலகத்தில் வேறு யாரும் காப்பாற்றியிருக்க வாய்ப்பில்லாததை முதலில் எடுங்கள். பிரிட்டனில் வந்த பெரிய பாடங்களில் பல ஏற்கெனவே பத்திரமாக இருக்கின்றன. பிபிசி தன் 1980களின் கம்ப்யூட்டர் எழுத்தறிவுத் திட்டத்தின் நிகழ்ச்சிகளையும் புரோகிராம்களையும் 2018இல் இணையத்தில் வைத்துவிட்டது. அஸ்போர்ன் பதிப்பகம் சிறுவர்களுக்கான தன் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களைத் தானே இலவச பிடிஎஃப் ஆகத் தருகிறது. கமடோர் வெளியிட்ட பேசிக் அறிமுகப் பாடம் புத்தகமும் கேசட்டுமாகப் பெரும் எண்ணிக்கையில் விற்றது, அதுவும் பல பேரிடம் உண்டு. இதெல்லாம் உங்களிடம் இருந்தால் முதலில் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தேடிப் பாருங்கள், இருந்தால் உங்கள் நேரத்தை அதில் போடாதீர்கள்.

நம் ஊர் இன்ஸ்டிடியூட் சைக்ளோஸ்டைல் அடித்துக் கொடுத்த நோட்ஸ், தமிழிலோ மலையாளத்திலோ விளக்கம் சொல்லும் கேசட், தமிழ் எழுத்துரு போட்டுச் செய்த சிடி, மாணவர் பென்சிலால் விடை எழுதிய பயிற்சிப் புத்தகம் இவைதான் போனால் வராது. அழகான அட்டைப்பெட்டியில் இருக்கும் வெளிநாட்டுக் கோர்ஸைவிட மங்கிப்போன ஸ்டென்சில் நோட்ஸ்தான் அவசரம்.

3. காகிதங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் செய்யவே முடியாது, ஏனென்றால் பெட்டி கொடுத்தவர் ஊர் மாறிவிடுவார், அல்லது வயதாகி நினைவு மங்கிவிடும். முதல் நாளே மூன்று காகிதம் தயார் செய்யுங்கள்.

ஒன்று, கைமாற்றக் கடிதம். யார் கொடுக்கிறார், என்னென்ன, திருப்பித் தர வேண்டுமா வேண்டாமா, ஸ்கேன் எடுக்கவும் ஆய்வுக்குக் காட்டவும் சம்மதமா என்று ஒரே பக்கத்தில். நம் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில் பலர் பள்ளியில் படித்தது மலையாளம், எனவே இரண்டு மொழியிலும் எழுதிக்கொண்டு போங்கள். இதற்கு முத்திரைத்தாள் எல்லாம் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளில் கையெழுத்தும் தேதியும் போதும்.

இரண்டு, பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அதைப் பென்சிலால் பிளாப்பியின் கவரில் எழுதுங்கள். பிளாப்பி மேலேயே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளே தகடு பள்ளமாகிவிடும்.

மூன்று, வாய்மொழித் தகவல். இதை எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எந்த மெஷினில் போட்டீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷின் கிடைத்தது, எது புரியவில்லை. அரை மணி நேரம் போனில் பதிவு செய்தால் போதும். அந்தக் கோர்ஸ் எப்படிப் படிக்கப்பட்டது என்பது புத்தகத்தில் இருக்காது, அவர் வாயில்தான் இருக்கும்.

விடைத்தாள், மதிப்பெண், முகவரி, நிஜக் கம்பெனியின் சம்பளப் பட்டியல் போன்றவை பிளாப்பியில் இருந்தால் அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து வெளியே காட்டாதீர்கள். டிபேஸ் பயிற்சிக்கு என்று தன் அலுவலகத்தின் உண்மையான பட்டியலையே ஏற்றிப் பழகியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய.

4. காலம் பார்த்துத் தொடங்குங்கள்

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் பெட்டியைத் திறக்காதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் பக்கம் காற்றில் இருக்கும் ஈரத்தில், திறந்த புத்தகமும் பிளாப்பியும் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஈரம் குறைவு, ஆனால் தூசி அதிகம், ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். மார்ச், ஏப்ரலில் மதிய வெயிலில் கேசட்டும் பிளாப்பியும் உள்ள பெட்டியை வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

மழைக்காலத்தில் பெட்டி கிடைத்தால் என்ன செய்வது? காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள், நல்ல காலம் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். அந்துருண்டை மட்டும் கூடாது. புடவைக்குப் போடுவதுபோல் இதற்கும் போடுவார்கள், ஆனால் நாப்தலின் ஆவி கேசட், சிடி டப்பா செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

5. சாமானும் செலவும்

முதல் மாதம் குறைந்த செலவில் தொடங்கலாம். 3.5 அங்குலப் பிளாப்பி மட்டும் என்றால் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று போதும், சுமார் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய். இதில் 1.44 எம்பி தகடு படிக்கும், 720 கேபியும் பெரும்பாலும் படிக்கும்.

5.25 அங்குலத் தகட்டுக்கு யுஎஸ்பி டிரைவ் என்று ஒன்று கடையில் கிடையாது. பழைய டிரைவும் கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டும் வேண்டும். அது தகட்டின் காந்த அலையை அப்படியே பதிவு செய்யும், அதனால் பிபிசி மைக்ரோ போன்ற வேறு வகைக் கம்ப்யூட்டர்களின் தகடுகளையும் படிக்க முடியும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் கஸ்டம்ஸ் வரியும் சேர்ந்து போர்டு விலையைவிட அதிகமாகலாம், கணக்கில் வையுங்கள். ரசீதில் பொருளின் பெயரும் விலையும் தெளிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பார்சல் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

டிரைவுக்கு கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் எர்ணாகுளம் பென்டா மேனகா பக்கத்திலும் கேளுங்கள். 1.2 எம்பி டிரைவாகப் பார்த்து வாங்கினால் 360 கேபி தகட்டையும் அதிலேயே படிக்கலாம். 5.25 டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும், பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் கூடவே கேட்டு வாங்கிவிடுங்கள். விலைக்கு ஒரு கணக்கே இல்லை. சில கடையில் எடைக்குத் தருவார்கள், 'ஆன்டிக்' என்று தெரிந்துகொண்ட கடையில் கேட்கிற விலை கொடுக்க முடியாது.

மற்றபடி 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, டிஸ்டில்டு வாட்டர், கையுறை, முகக்கவசம். முகக்கவசத்தை விட்டுவிடாதீர்கள், பூஞ்சைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

6. புத்தகமும் நோட்ஸும்

துருப்பிடித்த பின்னை இழுத்துப் பிடுங்காதீர்கள், மெல்லிய கத்தியை அடியில் நுழைத்துக் கால்களை நிமிர்த்தி எடுங்கள். சுருள் பைண்டிங்கை ஜெராக்ஸ் கடையில் கழற்றி மறுபடி போட்டுத் தருவார்கள். ஒட்டி பைண்ட் செய்த புத்தகத்தை வெட்டாதீர்கள், மேலிருந்து படம் எடுக்கும் வகை ஸ்கேனரோ போனோ போதும்.

சாதாரணப் பக்கத்துக்கு 300 டிபிஐ, டாட் மேட்ரிக்ஸில் அடித்த புரோகிராம் பட்டியலுக்கும் சைக்ளோஸ்டைலுக்கும் 600. கலரில் எடுங்கள். கருப்பு வெள்ளையில் பென்சில் எழுத்து காணாமல் போகும். டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு படிப்பதற்கு மட்டும் பிடிஎஃப் செய்யுங்கள். வெற்றுப் பக்கம், அட்டையின் உட்பக்கம் எதையும் விடாதீர்கள். இருநூறு பக்கப் புத்தகம் ஒரு மாலை வேலை.

ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸை பிவிசி கவரில் போட்டு வைத்திருந்தால் மை கவரில் ஒட்டியிருக்கும், உருவும்போது எழுத்தும் வந்துவிடும். அதைக் கவரோடேயே ஸ்கேன் செய்யுங்கள், பிறகு பிரியுங்கள்.

புரோகிராம் பட்டியலை ஓசிஆர் போட்டு எழுத்தாக மாற்றினால் பூஜ்யமும் ஆங்கில ஓவும், ஒன்றும் சின்ன எல்லும் குழம்பும். பேசிக் புரோகிராமில் அது ஒன்றே போதும், எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொரு வரியையும் கண்ணால் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும், இதற்குக் குறுக்கு வழி இல்லை.

7. பிளாப்பி

இந்தப் படியில்தான் பொருள் நிரந்தரமாகக் கெடும், நிதானமாகச் செய்யுங்கள்.

டிரைவில் போடும் முன், அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டுங்கள். 3.5 அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டியதாக அர்த்தம். 5.25இல் தலைகீழ், பக்கத்தில் உள்ள வெட்டை ஒளி புகாத டேப்பால் மூடினால்தான் பூட்டு. விண்டோஸ் 95 போட்ட மெஷினில் பூட்டாத பிளாப்பியைச் செருகி உள்ளே என்ன என்று பார்த்தாலே அது தகட்டின் தொடக்கப் பகுதியான பூட் செக்டரில் தன் அடையாளத்தை எழுதிவிடும். வெறுமே பார்க்கத்தானே போகிறோம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். 5.25இன் நீள்வட்ட ஜன்னல் வழியே, நடுவளையத்தில் விரலை வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டே தகட்டைக் கவனியுங்கள். 3.5 என்றால் உலோக மூடியை நகர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல தகடு சீரான பழுப்பாகவோ கருப்பாகவோ மினுங்கும். பூஞ்சை இருந்தால் வெள்ளைத்தூள் புள்ளிகளோ சிலந்தி வலைபோல் கிளை விட்ட கோடுகளோ தெரியும், சில சமயம் ஜன்னலுக்கு நேரே இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு திட்டாக இருக்கும், அதனால் முழுச் சுற்றும் பாருங்கள். வட்டமாகக் கீறல் விழுந்து அடியில் பிளாஸ்டிக் தெரிந்தால் அந்தத் தடம் போய்விட்டது, அதைத் தேய்த்துப் பயனில்லை.

பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓட்டினால் தூள் டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறும். முதலில் கழுவ வேண்டும். 5.25 என்றால் உறையின் மேல் விளிம்பை பிளேடால் வெட்டித் தகட்டை உருவுங்கள், எது மேல்பக்கம் என்று நடுவளையம் அருகே சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு விரல்நுனியால் தடவிக் கழுவி, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நார் உதிராத துணியில் காய வையுங்கள். வெயிலில் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். வேறொரு உதவாத பிளாப்பியின் சுத்தமான உறையில் செருகி ஓட்டலாம். பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள், லேபிள் அதில்தான் இருக்கிறது.

ஓடும்போது கீச்சென்றோ உரசுகிற மாதிரியோ சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சந்தேகமான ஒவ்வொரு தகட்டுக்குப் பிறகும் டிரைவின் தலையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

காப்பி எடுப்பது என்றால் கோப்புகளை இழுத்துப் போடுவது இல்லை, முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக எடுப்பது. கிரீஸ்வீசலில் ஒவ்வொரு தடத்தையும் பல சுற்றுப் படிக்கச் சொல்லி அந்த மூலப்பதிவை வைத்துக்கொண்டு, அதிலிருந்து சாதாரண இமேஜைச் செய்யுங்கள். முழு நீளமும் வந்ததா என்று பார்க்க எளிய வழி அளவுதான்: 360 கேபி தகட்டு இமேஜ் 3,68,640 பைட், 720க்கு 7,37,280, 1.2 எம்பிக்கு 12,28,800, 1.44க்கு 14,74,560. குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது. யுஎஸ்பி டிரைவில் படிக்க முடியாத செக்டர் வந்தால் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமைக் கொண்டு மறுபடி மறுபடி முயலலாம், வேறொரு டிரைவில் போட்டால் சட்டென்று படிக்கும் தகடுகளும் உண்டு.

360 கேபி தகட்டை 1.2 எம்பி டிரைவில் படிக்கலாம், எழுதக் கூடாது. அந்த டிரைவின் தலை மெல்லியது, எழுதினால் பழைய தடத்தின் மிச்சம் ஓரத்தில் தங்கி, பிறகு 360 கேபி டிரைவில் அது குழப்பமாகத்தான் படிக்கும்.

வைரஸ் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லாகூரிலிருந்து கிளம்பிய பிரெயின் 1986இலேயே வந்துவிட்டது, 1990இல் இந்தியாவில் பிடிபட்ட ஜோஷி ஜனவரி 5 அன்று மெஷினை நிறுத்திப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச் சொல்லும். மூல இமேஜைச் சுத்தம் செய்யாதீர்கள், அதுவும் அந்தக் காலத்தின் பகுதிதான். பதிவேட்டில் குறித்துவிட்டு, படிக்கக் கொடுப்பதற்கு என்று சுத்தம் செய்த இன்னொரு பிரதி வையுங்கள். ஆன்டிவைரஸ் தானாகவே இமேஜை அழித்துவிடாமல் அந்தக் கோப்புறையை விலக்கி வைக்க மறக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்கும்போது பயப்படாதீர்கள், குப்பையாகத் தெரிவது எல்லாம் கெட்டது இல்லை. ஜிடபிள்யூ பேசிக் தன் புரோகிராமைச் சுருக்கக் குறியீடாகத்தான் சேமிக்கும், நோட்பேடில் திறந்தால் பெட்டி பெட்டியாகத் தெரியும். இன்றைய கம்ப்யூட்டரில் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸில் ஜிடபிள்யூ பேசிக்கை ஓட்டி, அங்கே திறந்து, சேவ் கட்டளையின் கடைசியில் கமா போட்டு ஏ (A) என்று சேர்த்தால் படிக்கிற எழுத்தாக வரும். கமா பி (P) போட்டுச் சேமித்தவை பூட்டப்பட்டவை, ஓடும், ஆனால் பட்டியல் காட்டாது. பழைய வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் ஒரு பிட்டை மாற்றி வைக்கும், அதனால் சொல்லின் நுனி மட்டும் கோணலாக இருக்கும். லோட்டஸ் கோப்பை லிப்ரேஆபிஸ் திறக்கும்.

8. கேசட்

முதலில் கேசட்டை எந்தப் பக்கமும் ஓட்டாமல் பாருங்கள். நடுவில் நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சுப் பட்டை ஈரத்தில் பசை விட்டு உதிர்ந்திருக்கும். உதிர்ந்திருந்தால் நாடாவைத் திருகு ஆணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள். பிறகு ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் பதிவு.

நல்ல டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுங்கள், டால்பி என்ற இரைச்சல் குறைப்பை அணையுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள், ஒரு பக்கம் விளக்கப் பேச்சும் மறுபக்கம் புரோகிராமும் இருப்பது வழக்கம். கோவையில் ஒரு ஆடியோ கடையில் மாற்றித் தரக் கொடுத்த கேசட் 'நாய்ஸ் ரிடக்ஷன்' செய்த எம்பி3 ஆகத் திரும்பி வந்தது. அவர்கள் துடைத்தெடுத்த கரகரப்புத்தான் புரோகிராம். கடையில் கொடுப்பதாக இருந்தால் 'வேவ் கோப்பு, எந்தத் திருத்தமும் கூடாது' என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சத்தம் மந்தமாகக் கேட்டால் டெக்கின் தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைத் துளித்துளியாகத் திருப்பி, கீச்சுச் சத்தம் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். புரோகிராம் ஏறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு வேவ் கோப்பிலிருந்து ஸ்பெக்ட்ரமுக்கு டிஇசட்எக்ஸ், பிபிசி மைக்ரோவுக்கு யுஇஎஃப் என்று அந்தந்த எமுலேட்டர் (பழைய மெஷின்போலவே நடந்துகொள்ளும் புரோகிராம்) கேட்கும் வடிவத்துக்கு மாற்றலாம். வேவை அழிக்காதீர்கள்.

9. சிடி

வீட்டில் எழுதிய சிடிதான் முதலில் போகும், அதை முதலில் எடுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும். பாடத்தோடு ஆடியோ டிராக்கும் உள்ள சிடியை ஐஎஸ்ஓவாக எடுத்தால் பேச்சு விட்டுப்போகும், பின், கியூ என்று இரண்டு கோப்பாக எடுங்கள்.

தமிழ் சிடி என்றால் அதோடு வந்த எழுத்துருக் கோப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு முன்னால் டிஸ்கி, டாம், டாப் என்றும் ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமாகவும் குறியீடுகள் இருந்தன, எழுத்துரு தொலைந்தால் தமிழ்ப் பாடம் முழுக்க ஐரோப்பிய எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும். பிளாஷில் செய்த பாடங்களுக்கு அடோபி ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்தது, ரஃபிள் என்ற எமுலேட்டரில் முயன்று பாருங்கள்.

10. பாடத்தை நடத்திப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் வரிசையாக வைத்து, எந்தப் பக்கத்தில் எந்த இமேஜை எமுலேட்டரில் ஏற்ற வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, இந்தப் பெட்டியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தால் நல்லது. அவர் முதல் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகச் செய்யட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். புத்தகம் சொல்லும் சாவி இன்றைய கீபோர்டில் இருக்காது, 'பி டிரைவில் போடவும்' என்றால் என்ன என்று தெரியாது, மெஷின் இன்றைய வேகத்தில் ஓடிப் பயிற்சியின் செய்தி படிப்பதற்குள் மறைந்துவிடும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து அந்த எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள். முதல் பாடம் தடையில்லாமல் போன பிறகு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. நடுவில் ஒரு பிளாப்பி குறைகிறது என்று தெரிய வருவதும் இந்த இடத்தில்தான், அப்போது கொடுத்தவர் வீட்டுக்கு மறுபடி ஒரு நடை போய்ப் பரணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

11. பதிப்புரிமை

1980களின் எந்தக் கோர்ஸும் இன்னும் உரிமை முடியாததுதான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு, புரோகிராமும் அதில் இலக்கியப் படைப்பாகவே கணக்கு. முறையாக வைத்திருப்பவர் புரோகிராமுக்குக் காப்புப் பிரதி எடுக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவில் லாபநோக்கில்லாத பொது நூலகம், டிஜிட்டல் அல்லாத பிரதியாகத் தன்னிடம் ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் 2012 திருத்தம் வழி செய்திருக்கிறது. நமக்கு இது பெரிய வசதி, கேரளத்தில் லைப்ரரி கவுன்சிலோடு இணைந்த வாயனசாலை அநேகமாக ஊருக்கு ஊர் உண்டு. பெட்டியை அங்கே ஒப்படைத்து, கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, அந்த மினிட்ஸ் நகலை உங்கள் பதிவேட்டில் வையுங்கள். கமிட்டி கூட ஒரு மாதம் ஆகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி வேண்டும். இன்ஸ்டிடியூட் நடத்தியவர் உயிரோடு இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், தன் நோட்ஸை யாரோ இத்தனை வருடம் வைத்திருந்தார்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பதிப்பகம் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பி ரசீதையும் சேர்ந்ததற்கான பிரிண்டையும் வையுங்கள், இரண்டு மாதம் பொறுத்து நினைவூட்டல் அனுப்புங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புக்கு 31ஏ பிரிவில் உரிமம் கேட்கலாம், ஆனால் பத்திரிகை விளம்பரம் வரை போகும், ஒரு பெட்டிக்காக அதில் இறங்க நான் சொல்ல மாட்டேன். அனுமதி வரும்வரை அட்டைப் படமும் பாடப் பட்டியலும் மட்டும் வெளியிட்டால் போதும், தேடி வருகிறவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

12. பிரதிகளை வைப்பது

வீட்டில் ஒன்று, வாயனசாலையில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. என்னுடையதில் மூன்றாவது பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் இருக்கிறது. பென் டிரைவை நம்பாதீர்கள், ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ 256 எண் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து ஒரே பட்டியலாக்கி, கோப்புறையிலும் வைத்து, பிரிண்ட் எடுத்துப் பதிவேட்டிலும் ஒட்டுங்கள். ஒவ்வொரு மே மாதமும், மழைக்கு முன்னால், மூன்று டிஸ்க்கிலும் அந்தப் பட்டியலைச் சரிபாருங்கள். ஒத்துப்போகாத கோப்பை மற்ற பிரதியிலிருந்து எடுத்து மாற்றிவிட்டுப் பதிவேட்டில் தேதி போடுங்கள். சிலிக்கா ஜெல்லையும் அதே நாளில் மாற்றிவிடலாம்.